வேண்டாம் என்று சொன்ன ஆர்டர்

லாரி எங்கள் சந்துக்குள் நுழையவில்லை.

விஸ்வநத்தத்தில் என் ஷெட் இருந்த தெரு அப்படி. ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் கரண்ட் கம்பம். டிரைவர் முன்னே பின்னே எடுத்துப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்து இறங்கிவிட்டார். மிஷினை மெயின் ரோட்டிலேயே இறக்கி, தரையில் இரும்புக் குழாய்களைப் போட்டு, அதன்மேல் உருட்டிக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது.

"ஏலே, அங்கன பிடிலே! கம்பத்துல இடிச்சிராம இழு!" என்று மிஷினைப் பொருத்த வந்த ஃபிட்டர் தன் ஆட்களிடம் கத்தினார்.

சங்கிலிச் சத்தம், கடப்பாரைச் சத்தம். தெருவில் இருந்த கோழிகள் எல்லாம் கூரை ஏறிவிட்டன.

அது பழைய பஞ்சிங் மிஷின். அட்டையை உள்ளே கொடுத்தால் பெட்டிக்கு வேண்டிய அளவில் வெட்டி, மடிப்புக் கோடும் போட்டுத் தரும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஓரமாகக் கிடந்ததை பேங்க் லோன் போட்டு வாங்கியிருந்தேன். பச்சைப் பெயின்ட் பாதி உரிந்திருந்தது. கிரீஸும் துருவும் கலந்த வாடை. அதைப் பொருத்தி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

"பொருத்தியாச்சும்மா. மொத அட்டை போடுறதுக்கு முன்ன ஒரு தேங்கா உடைச்சிருங்க. வீட்டு ஆளுகளை வரச் சொல்லுங்க" என்றார் ஃபிட்டர்.

"நான்தான் வீட்டு ஆளு."

நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "சார் எங்க வேலை பாக்காக? கூப்பிடுங்க, நாங்க இருக்கோம்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் வேலை பார்க்கிற பெண்கள் யாரும் வரவில்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. தம்பி கோவில்பட்டியில் மாமனார் வீட்டோடு இருந்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இதையெல்லாம் ஃபிட்டரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

நானே உடைத்தேன். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது. ஆளுக்கொரு சில்லு கொடுத்து அனுப்பிவிட்டு, ஷெட்டுக்குள் வந்து மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வருஷக்கணக்காக நான் எதை நினைத்து ஓடினேனோ அது என் முன்னால் நின்றது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

எங்கள் ஊர் வருஷம்

பட்டாசுக் கம்பெனியை விட்டு நான் வெளியே வந்ததைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தொழில் தொடங்கும்போதே இன்ன இடத்துக்குப் போக வேண்டும் என்று திட்டம் போட்டீர்களா?"

போட்டேன். ஆனால் திட்டம் என்ற வார்த்தை அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கம் வருஷம் சித்திரையிலும் பிறக்காது, ஜனவரியிலும் பிறக்காது. தீபாவளிக்கு மறுநாள்தான் பிறக்கும். தீபாவளி முடிந்ததும் கம்பெனிகள் கொஞ்ச காலம் மூடிக் கிடக்கும். பிறகு மெல்லத் திறந்து, சித்திரையில் சூடு பிடித்து, ஆடியில் இருந்து பேய் ஓட்டம். ஐப்பசியில் ஒரே நாளில் எல்லாம் வெடித்துத் தீர்ந்துவிடும். மறுபடியும் வெறும் கை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆடியிலேயே எங்கள் ஊரில் அச்சாகிவிடும். மற்ற ஊர்க்காரர்கள் மார்கழியில் பார்க்கிற பொங்கலையும் அமாவாசையையும் நாங்கள் ஆடிக் காற்றிலேயே புரட்டிப் பார்த்துவிடுவோம். கழிவு என்று அச்சகத்தில் தூக்கிப் போடுகிற தாள்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து சுவரில் ஒட்டியிருந்தேன். தீபாவளி வரை கட்டம் கட்டமாக வேலை தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்கள் வெறும் கட்டமாகக் கிடந்தன.

அந்த மாதங்களிலும் என் ஷெட்டில் வேலை நடக்க வேண்டும். எனக்கு இருந்த ஆசை அம்புட்டுத்தான்.

சாப்பாட்டு வட்டம்

மாரிக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

மாரிக்கா எனக்கு மூன்று நான்கு வயது மூத்தவள். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் ரூமில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். எம். புதுப்பட்டியில் வீடு. கணவர், பிள்ளைகள், மாமியார் என்று நிறைந்த குடும்பம். என்னைவிட வேகமாகப் பெட்டி மடிப்பாள். மடிக்கும்போது பாட்டும் பாடுவாள். நான் தனியாகத் தொழில் தொடங்கப் போகிறேன் என்றதும், "நீ போனா நானும் வாரேன், இங்கன யாரு மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்க?" என்று என்னோடு வந்துவிட்டாள். இன்னும் சில பெண்களும் சேர்ந்தார்கள்.

அச்சடித்து வெட்டிய அட்டை வரும். மடித்து, பசை தடவி, பெட்டியாக்கிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் விட்டு வந்த அதே கம்பெனிதான் எங்களுக்கு முதல் ஆர்டரும் கொடுத்தது.

முதல் நாள் மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளிகளைத் திறந்தார்கள். கம்பெனியிலும் அப்படித்தான் சாப்பிடுவோம். ஒருத்தி கத்தரிக்காய் கொண்டு வருவாள், ஒருத்தி கருவாடு. கை எல்லா வாளிக்குள்ளும் போகும். யார் புருஷன் குடித்துவிட்டு வந்தான், சூப்பர்வைசர் யாரைத் திட்டினான், எல்லாம் அங்கேதான் பேசப்படும்.

நானும் என் வாளியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அதுவரை சளசளவென்று கேட்ட பேச்சு நின்றுவிட்டது. ஒரு பெண் அவசரமாக நகர்ந்து எனக்கு அதிகமாகவே இடம் விட்டாள். "குழம்பு ஊத்தட்டுங்களாக்கா?" என்று இன்னொருத்தி கேட்டாள். முந்தின வாரம் வரை அவள் என்னைக் கேட்காமலே என் வாளியில் இருந்து அள்ளித் தின்றவள்.

அப்புறம் தெரிந்தது. முன்பு சூப்பர்வைசரைப் பற்றிப் பேசிய பேச்சை இப்போது என்னைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். நான் பக்கத்தில் இருந்தால் எப்படிப் பேசுவார்கள்? ஒரு வாரத்தில், "எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அவர்கள் முடித்து எழுந்த பிறகு, அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மாரிக்கா மட்டும் எப்போதாவது தன் வாளியில் கடைசிக் கவளத்தை மிச்சம் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்காருவாள். அந்தக் கவளத்தைத் தின்று முடிக்க வெகுநேரம் எடுத்துக்கொள்வாள்.

விருதுநகரில் ஒரு கூட்டம்

அந்தச் சமயத்தில் விருதுநகரில் பெண் தொழில்முனைவோருக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. பேங்க்காரர்கள் சொல்லி அனுப்பியதால் போனேன். கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஹால். ஃபேன் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. பயிற்சி கொடுத்த அம்மா சுத்தமான பருத்திச் சேலை கட்டியிருந்தார். ஒவ்வொருவரும் எழுந்து, அஞ்சு வருஷத்தில் தொழிலில் என்ன சாதிக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

முறுக்கு போடுகிற ஒரு பெண், மகளை இன்ஜினியர் ஆக்க வேண்டும் என்றாள். தையல் மிஷின் வைத்திருந்தவள், மகனுக்குக் கடை வைத்துக் கொடுக்க வேண்டும் என்றாள். புருஷனுக்கு ஆபரேஷன், நாத்தனார் கல்யாணம், இப்படியே வரிசையாக வந்தது.

என் முறை வந்தது. "வருஷம் பூரா வேலை ஓடணும். ஒரே கம்பெனியை நம்பி இருக்கக் கூடாது. சொந்தமா பஞ்சிங் மிஷின் வாங்கணும்" என்றேன்.

அந்த அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "பாருங்க, இதுதான் தொழில் இலக்கு! எவ்வளவு தெளிவா இருக்கு!" என்று கை தட்டினார், கூட்டமும் தட்டியது. பிறகு அதே சிரிப்போடு கேட்டார்: "இதெல்லாம் யாருக்காகம்மா?"

"எனக்காகத்தான்."

கை தட்டல் சட்டென்று குறைந்தது. யாரும் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த முறுக்குக்காரப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தாள். பாவப்பட்டுக் கொடுத்தது அது. நல்ல முறுக்குதான், ஆனாலும் ஒரு கடி கடித்துவிட்டு மீதியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆடியில் வந்த ஆர்டர்

இரண்டாவது வருஷம் ஆடியில் கம்பெனி மேனேஜர் ஆள் அனுப்பினார். நல்ல மனுஷர். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"இந்த சீசனுக்கு உங்ககிட்ட பெரிய ஆர்டரா கொடுக்கலாம்னு இருக்கோம். ஒரே ஒரு விஷயம். வெளி வேலை எதையும் தொடக் கூடாது. எங்களுக்கு மட்டும்தான் செய்யணும். இந்த வருஷம் மட்டுமில்ல, இனிமேலும் அப்படித்தான். என்ன சொல்றீக?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன்.

மாரிக்காவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. "ஏ செல்லத்தாயி, இதுல யோசிக்க என்ன இருக்கு? வீடு தேடி வருது லட்சுமி!"

"தீபாவளி முடிஞ்சா என்னக்கா பண்றது? மறுபடியும் மூணு மாசம் வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். ஸ்வீட் கடைப் பெட்டிக்கு அலைஞ்சா வருஷம் பூரா வேலை இருக்கும். இவுகளுக்கு ஒத்துக்கிட்டா அது முடியாதே."

"ஸ்வீட் கடை உனக்கு எங்க இருக்கு? இன்னும் ஒருத்தனாச்சும் கேட்டிருக்கானா?"

கேட்கவில்லை. உண்மைதான்.

"எனக்குப் பிள்ளைக இருக்குடி. சீசன்ல நாலு காசு பாத்தாத்தான் உண்டு. உனக்கு என்ன, ஒத்த வயிறு. நீ எம்புட்டு நாள் வேணும்னாலும் காத்திருப்ப" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாகப் போய்விட்டது. குனிந்து பசைச் சட்டியைக் கிண்ட ஆரம்பித்தாள்.

நான் மேனேஜரிடம் போய், முடிந்த அளவு செய்து தருகிறேன், உங்களுக்கு மட்டும்தான் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரிம்மா, உங்க இஷ்டம்" என்றார். ஆர்டர் வரவில்லை.

சில நாள் கழித்து மாரிக்கா ஷெட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

"அந்த ஆர்டர நான் எடுத்துக்கிடுறேனான்னு கம்பெனில கேக்காக. வீட்டுலயே வச்சுச் செய்யலாம்னு எங்க வீட்டுக்காரரும் சொல்றாக. நீ வேணாம்னா நான் எடுக்கல."

அவள் என்னைக் கேட்காமலே எடுத்திருக்கலாம். கேட்டாள். அதனால்தான் இன்றுவரை என்னால் அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

"எடுத்துக்கோக்கா" என்றேன்.

அவளோடு இன்னும் இரண்டு பெண்களும் போனார்கள்.

அந்த ஆவணியும் புரட்டாசியும் எப்படிக் கழிந்தன என்று சொல்வது கஷ்டம். சிவகாசி வட்டாரமே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுகிறது. லோடு ஏற்றிய லாரிகள் விடிய விடியப் போகின்றன. தெருவில் வீட்டுக்கு வீடு யாராவது எதையாவது ஒட்டிக்கொண்டோ சுற்றிக்கொண்டோ இருக்கிறார்கள். என் ஷெட்டில் மட்டும் ஃபேன் சுற்றுகிற சத்தம். மிச்சம் இருந்த பெண்கள் சில்லறை வேலையை முடித்துவிட்டுச் சீக்கிரமே போய்விடுவார்கள். சீசனில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் நான்தான். அதுவும் நானாகவே தேடிக்கொண்டது.

மைசூர்பாகு

அலைந்தேன். விருதுநகர், அருப்புக்கோட்டை, மதுரை வரைக்கும் போனேன். கையில் மாதிரிப் பெட்டிகள். பெரிய கடைகளில் கல்லாவைத் தாண்டி என்னை உள்ளே விடவில்லை.

கடைசியில் காரியாபட்டியில் ஒரு ஸ்வீட் கடைக்காரர் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். வயசானவர். திறந்து மூக்கருகே கொண்டுபோனார்.

"எந்த ஊரும்மா?"

"சிவகாசிப் பக்கம்."

"அதான். வெடிமருந்து வாடை அடிக்கி. இதுல எப்படிம்மா இனிப்பு வைக்க?"

வீட்டுக்கு வந்து மோந்து பார்த்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. பிறந்ததில் இருந்து அந்தக் காற்றையே இழுத்த மூக்கு அது. எதிர்த்த வீட்டுக்கு உறவாக வந்திருந்த தேனிப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். "ஆமாக்கா, என்னவோ வருது" என்றாள்.

ஒவ்வொன்றாக மாற்றினேன். பட்டாசுப் பெட்டிக்கு மைதா பசையில் மயில்துத்தம் என்கிற விஷ உப்பைக் கலப்போம், பூச்சி அரிக்காமல் இருக்க. தின்கிற பொருளுக்கு அது ஆகாது. அதை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் புதிதாகப் பசை காய்ச்சினேன். பட்டாசுப் பெட்டி அடுக்கிய ரூமில் அட்டையை வைக்காமல் வீட்டு மொட்டை மாடியில் காற்றாட விட்டேன். மழை மேகம் தெரிந்தால் ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வருவேன், மறுபடியும் ஏற்றுவேன். தேனிப் பெண் ஊருக்குப் போகும் வரை தினமும் அவள் மூக்குதான் எனக்குப் பரீட்சை அதிகாரி.

மறுபடி காரியாபட்டி போனேன். கடைக்காரர் புதுப் பெட்டியில் மைசூர்பாகு அடுக்கி மூடி வைத்தார். "அடுத்த வாரம் வாங்க" என்றார்.

போனேன். என் கண் முன்னாலேயே திறந்தார். தாமும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு என்னிடமும் நீட்டினார். மெதுவாக மென்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நானும் மென்றேன். நெய் வாசனை மட்டும்தான் வந்தது.

"ம்... சாப்பிடுங்க, சாப்பிடுங்க. காலைல என்ன சாப்பிட்டீக? மொகம் வாடிக் கெடக்கே" என்றார். இன்னொரு துண்டையும் எடுத்து வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆர்டருக்காக வந்த அழுகை என்று அவர் நினைத்திருப்பார். சாப்பிட்டாயா என்று என்னை யாரும் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

தீபாவளிக்குக் கொஞ்சமாக ஆர்டர் கொடுத்தார். பிடித்திருந்தால் பொங்கலுக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

பக்கத்து சீட்

விருதுநகரில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் சந்தோஷம் மெதுவாக ஏறியது. கால் தரையில் நிற்கவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அப்போது செல்போன் எங்கள் தெருவில் ஒன்றிரண்டு வீடுகளில்தான் இருந்தது. இருந்தாலும்தான் யாரைக் கூப்பிட?

பக்கத்தில் ஓர் அம்மா கறிவேப்பிலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"அக்கா, எனக்கு இன்னைக்கு ஆர்டர் கெடச்சிருக்கு" என்றேன்.

என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியா, நல்லது. எத்தன பிள்ளைக உனக்கு?"

"பிள்ளைக இல்லக்கா."

"ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலையில் நாலு கொத்து ஒடித்துக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பிறகு எல்லாம் நிதானமாக நடந்தது. காரியாபட்டிக் கடைக்காரர் சொல்லி மதுரையில் ஒரு கடை, பிறகு ஜவுளிப் பெட்டி, பிறகு இன்னொரு ஊர். தை, மாசியிலும் ஷெட்டில் பசை கொதித்தது. அதற்காக மாரிக்கா தோற்றுப் போனாள் என்று நினைக்க வேண்டாம். அவளும் நன்றாகவே செய்தாள். சீசனில் உழைத்து மகளைக் கட்டிக் கொடுத்தாள். வீட்டுக்கு முன்னால் ஒரு ரூமும் கட்டி இறக்கினாள். அவளவள் கணக்கு அவளவளுக்குச் சரியாகத்தான் இருந்தது.

மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்தது. போனேன். கூட்டத்தில் அவளும் நானும் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குள் மிச்சம் இருந்தது.

எம். புதுப்பட்டிக்கு

மிஷின் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

ஸ்டூலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. ஒரு அட்டையை உள்ளே கொடுத்துப் பார்த்தேன். கச்சிதமாக வெட்டி வந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தேன். பிறகு ஷெட்டைப் பூட்டிவிட்டு எம். புதுப்பட்டி பஸ் ஏறிவிட்டேன்.

மாரிக்கா முன் ரூமில் தரையில் உட்கார்ந்து தனியாகப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் அட்டைக் கட்டுகள். தலை நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"வா. பாத்து வா, மிதிச்சிராத."

ஓரமாக உட்கார்ந்தேன். வீட்டில் யாரும் இல்லையா என்றேன். எல்லோரும் குலசாமி கோவிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். நாளைக் காலையில் லோடு போக வேண்டியிருப்பதால் தான் மட்டும் தங்கிவிட்டதாகச் சொன்னாள்.

"கை சும்மாதான இருக்கு? அந்தக் கட்ட இங்கிட்டு இழு."

இழுத்துப் பிரித்து மடிக்க ஆரம்பித்தேன். பல மாதமாக நான் உட்கார்ந்து பெட்டி மடித்ததே இல்லை. ஆர்டருக்கு அலைவதும் பேங்க்குக்கு ஓடுவதுமாகவே போயிருந்தது. நான் மடித்துப் போட்ட ஒன்றை அவள் எடுத்து விரலால் தட்டினாள்.

"மடிப்புக் காது உள்ள போகல, பாரு. மொதலாளி ஆனதும் கை மறந்துபோச்சாக்கும்."

அவள் வாயில் இருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அதில் குத்தல் இல்லை. வாங்கித் திரும்ப மடித்தேன்.

காதைச் சரியாகச் செருகி அவள் பக்கம் நீட்டினேன்.

"மிஷின் வந்துருச்சுக்கா."

"தெரியும். விஸ்வநத்தத்துல இருந்து வந்த பிள்ளைக சொன்னாக. லாரி உள்ள வராம மெயின் ரோட்டுலயே நின்னுச்சாமே."

"தெரிஞ்சும் வரலியே நீ?"

அவள் கை நிற்கவில்லை. மடித்த பெட்டியை அடுக்கின்மேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நீ கூப்பிடலியே."

வீட்டு ஆளுகளைக் கூப்பிடுங்கள் என்று ஃபிட்டர் சொன்னபோது எனக்கு அவள் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. எந்த உரிமையில் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு கட்டு முடிந்ததும் மாரிக்கா அடுத்த கட்டைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள். வெளியே நான் திரும்பிப் போக வேண்டிய பஸ் வந்து நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போன சத்தம் இரண்டு பேருக்கும்தான் கேட்டது.

வெளிச்சம் மங்கியபோது மாரிக்கா எழுந்து லைட்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். நேரமாச்சு, போ என்று அவள் சொல்லவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.